பழைய கழுத்துக் காயமும் கை, முக மதமதப்பும்: இரண்டுக்கும் காரணம் ஒன்றேதானா?

கரும்பலகை (தஞ்சை மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை, வயது 47. சுமார் பத்தாண்டுகளுக்கு முன், கணவரின் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றபோது, சிக்னலில் நின்றிருந்த எங்களைப் பின்னாலிருந்து வந்த கார் இடித்துவிட்டது. இருவரும் கீழே விழவில்லை. ஆனால் தலை பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்த வேகத்தில் என் கழுத்து பிடித்துக்கொண்டது. எலும்பு முறிவு இல்லை என்று சொல்லிக் கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். சில வாரங்களில் வலி தணிந்தது. அதன் பிறகு விடைத்தாள் திருத்தும் காலங்களில் மட்டும் கழுத்து இறுகும். வெந்நீர் ஒத்தடத்தில் சரியாகிவிடும்.

இப்போது சில மாதங்களாக இடக்கையில் மதமதப்பு இருக்கிறது. தோள்பட்டையில் தொடங்கிக் கையின் வெளிப்புறமாக இறங்கிக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர்வது போல் முடிகிறது. கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதுவதற்காகத் தலையை உயர்த்தினால், எழுதுவது வலக்கையாக இருந்தாலும், இடக்கைதான் சுருசுருவென்று ஏறுகிறது. இதோடு இடப்பக்க முகத்திலும் அவ்வப்போது அதே உணர்வு வருவதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

எக்ஸ்ரேயில் ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு இடையே இடைவெளி குறைந்திருப்பதாகவும், எல்லாமே பழைய அடியின் விளைவு என்றும் உள்ளூர் மருத்துவர் கூறி, வலி மாத்திரையும் நரம்புச் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சத்து மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின் நெடுங்காலமாக உட்கொள்கிறேன். கழுத்தில் நரம்பு அழுந்தினால் கை மரத்துப்போகும் என்பது புரிகிறது. ஆனால் முகமும் மரத்துப்போகுமா? உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

நரம்பியல் மருத்துவர் (மதுரை)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நேரில் பரிசோதிக்காமல் நோய் இன்னதென்று தீர்மானிக்க இயலாது. ஆனால் உங்கள் கேள்வியைக் கை தனி, முகம் தனி என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்பதை என்னால் விளக்க முடியும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கத்து முகமும் கையும் திடீரென்று ஒரே நேரத்தில் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, கழுத்தைப் பற்றிய எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். அத்தகைய தற்காலிக அடைப்புக்குப் பின் முழுப் பக்கவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாட்களில்தான் மிகுதி.

இனி கையைப் பார்ப்போம். கழுத்தில் எலும்புகள் 7. அங்கிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் 8 இணைகள். ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் இடையிலுள்ள துளை வழியாக வெளிவருவது ஆறாவது நரம்பு வேர். முன்கையின் வெளிப்புறத்துக்கும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆகியவற்றுக்கும் உணர்வு தருவது அதுவே. ஏழாவது வேர் என்றால் நடுவிரலும், எட்டாவது என்றால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்திருக்கும். தலையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது இந்தத் துளைகள் குறுகுகின்றன; ஆகவே நீங்கள் கரும்பலகையை அண்ணாந்து பார்க்கும்போது மதமதப்பு ஏறுவது, வேர் அழுந்துகிறது என்பதற்கு நல்ல சான்று. எக்ஸ்ரேயைவிட இந்த விவரத்தையே நான் பெரிதாக மதிப்பேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர நரம்பைக் காட்டாது. நாற்பது வயதைக் கடந்தவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் ஏதோ ஒரு தேய்மானம் எழுதப்பட்டிருக்கும்.

முகம் வேறு கதை. கன்னம், உதடு, மூக்கு, நெற்றி ஆகியவற்றின் உணர்வு ஐந்தாவது கபால நரம்பைச் சேர்ந்தது. அது மூளைத்தண்டிலிருந்து நேரே முகத்துக்கு வருகிறது. கழுத்தின் வழியாக இறங்கி ஏறுவதில்லை. ஆகவே ஆறாவது கழுத்து வேர் எவ்வளவு நசுங்கினாலும் கன்னம் மரத்துப்போகாது. ஆனால் முகம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பரப்பின் ஓர் ஓரம் கழுத்துக்குச் சொந்தமானது. தாடை மடங்கும் மூலை, காது மடலின் கீழ்ப்பகுதி, காதுக்குக் கீழும் பின்னும் உள்ள தோல் ஆகியவற்றுக்கு உணர்வு தருவது இரண்டாவது, மூன்றாவது கழுத்து வேர்களிலிருந்து வரும் நரம்பு. தாடி வைத்திருப்பவர்களுக்குக் கிருதா முடிந்து தாடை திரும்பும் இடம் என்று சொன்னால் விளங்கும். தலையைச் சட்டென்று திருப்பினால் பின்கழுத்து வலித்து அதே பக்கத்து நாக்கு பாதி மரத்துப்போகும் அரிய நிலை ஒன்றும் உண்டு. இரண்டாவது கழுத்து வேர் சம்பந்தப்பட்ட அதை 1980இல் மருத்துவ இதழில் விவரித்தார்கள்.

கையும் முகமும் சேர்ந்து மரத்துப்போக ஒரே இடம் காரணமாக இருக்கிறதென்றால், அந்த இடம் பெரும்பாலும் மூளைக்குள்தான் இருக்கும். உணர்வைப் பதியும் மூளைப் புறணியில் கைவிரல்களும் உதடுகளும் அடுத்தடுத்த வீடுகள். மொன்ட்ரியால் நகரில் அறுவை சிகிச்சையின்போது நோயாளிகள் விழித்திருக்கையிலேயே மூளையின் மேற்பரப்பை மின்தூண்டல் செய்து மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு இந்த வரைபடத்தை 1930களிலேயே உருவாக்கிவிட்டார். ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியிலும், சிறு பக்கவாதத்திலும், வேறு சில மூளை நோய்களிலும் விரலும் வாயோரமும் சேர்ந்து மரத்துப்போவது இந்த அண்டைமையினால்தான்.

எனவே சில விவரங்கள் தேவை. முகத்தில் சரியாக எந்த இடம்? கையும் முகமும் ஒரே வேளையில் வருகின்றனவா, தனித்தனியா? ஒரே நொடியில் முழுவதும் வருகிறதா, மெல்லப் பரவுகிறதா? பின்னர் தலைவலி உண்டா? அண்மையில் யாராவது உங்கள் கழுத்தைத் திருகினார்களா? சட்டைப் பொத்தான் போடுவதில் தடுமாற்றம், நடையில் தளர்ச்சி, சிறுநீரை அடக்க இயலாமை ஏதேனும் உண்டா? கடைசிக் கேள்வி தண்டுவடமே அழுந்துகிறதா என்பதை அறிவதற்கு.

இயன்முறை மருத்துவர் (கோவை)

மருத்துவர் ஐயா கூறியதில் கையைப் பற்றிய பகுதி முழுவதும் எனக்கு உடன்பாடே. ஓர் எளிய அடையாளத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்: மதமதப்பு ஏறும்போது இடக்கையைத் தூக்கி உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் தணிந்தால் அது கழுத்து வேர்த் தொல்லையின் பக்கம் சாய்கிறது. அந்த நிலையில் வேரின் மீதான இழுவிசை குறைவதே காரணம். மாறாக, கையைத் தூக்கினால் அதிகரித்தால், கழுத்துக்கும் தோளுக்கும் இடையே காறை எலும்புக்குப் பின்னால் நரம்புக் கொத்து நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்து வெட்டி இழுபட்டவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் அது வருவதுண்டு. நள்ளிரவில் மரத்துப்போய் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும். சர்க்கரை நோயாளிகளிடம் அது சாதாரணம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

முகத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. ஐந்தாவது கபால நரம்பின் உணர்வுக் கரு, அதாவது அதன் உணர்வைப் பெறும் நரம்புச் செல்களின் தொகுதி, மூளைத்தண்டோடு முடிவதில்லை. மேற்கழுத்துத் தண்டுவடம் வரை நீண்டு, அங்கே மேற்கழுத்து வேர்களின் உணர்வோடு கலக்கிறது. ஆகவேதான் கழுத்தின் மேல் மூட்டுகளில் கோளாறு உள்ளவர்கள் கண்ணுக்குப் பின்னாலும் நெற்றியிலும் வலிப்பதாகச் சொல்கிறார்கள். முகத்து உணர்வு கழுத்திலிருந்து வரவே வராது என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

நரம்பியல் மருத்துவர் (மதுரை)

நீங்கள் சொல்லும் இணைப்பு உண்மையே. ஆனால் அந்த வழியாகக் கடத்தப்படுவது பெரும்பாலும் வலி; மதமதப்பு மிக அரிது. அதனால் அந்த விளக்கத்தை மற்ற காரணங்களை நீக்கிய பிறகு கடைசியில் எடுக்க வேண்டுமே தவிர முதலில் எடுக்கக் கூடாது என்பது என் நிலை. பழைய விபத்து ஒன்று நோயாளியின் கோப்பில் இருந்துவிட்டால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தொல்லையையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நோயாளிக்கும் அந்த விளக்கம் ஆறுதலாக இருப்பதால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கணக்காளர் (சேலம்)

மருத்துவர் இறுதியாகச் சொன்னதற்கு நானே ஒரு சான்று என்பதால் எழுதுகிறேன். கல்லூரியில் கபடி ஆடும்போது என் கழுத்தில் பலத்த அடி பட்டது. முப்பதுகளின் நடுவில், வலக்கை விரல் நுனிகளில் மதமதப்பு தொடங்கி, அது மணிக்கட்டு, முழங்கை என்று மெல்ல மேலேறி, கால் மணி நேரத்தில் உதட்டோரத்துக்கும் நாக்குக்கும் வந்து சேரும். விரல்களில் அது அடங்கிக்கொண்டிருக்கும்போதே வாயில் தொடங்கும். நான் யாரிடம் சென்றாலும் கபடிக் காயத்தைத்தான் முதலில் சொல்வேன்; அவர்களும் கழுத்துப் பயிற்சிகளையே கொடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவர், கழுத்தை விட்டுவிட்டு, "இது வருவதற்கு முன்போ பின்போ கண்ணில் ஏதாவது மின்னுகிறதா?" என்று கேட்டார். வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் எனக்கு மாணவப் பருவத்திலிருந்தே வரும். அதையும் இதையும் நான் இணைத்துப் பார்த்ததே இல்லை. மூளை ஸ்கேன் எடுத்துப் பிற காரணங்களை விலக்கிய பின், ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி என்று முடிவு செய்தார். தலைவலி எனக்கு மிக இலேசாகத்தான் வரும். சில வேளைகளில் வருவதே இல்லை. அதனால்தான் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஆசிரியை அவர்களுக்கும் இதுதான் என்று நான் கூறவில்லை. பரவும் வேகத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கரும்பலகை (தஞ்சை மாவட்டம்)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா கேட்டவற்றை இரண்டு நாட்களாகக் கவனித்துப் பார்த்து எழுதுகிறேன்.

முகத்தில் நான் உணர்வது இரு வகையாக இருப்பது கவனித்த பிறகே புரிந்தது. பெரும்பாலான நேரங்களில் அது காது மடலின் கீழும் தாடை மூலையிலும் மட்டுமே இருக்கிறது. கம்மல் போடும் இடத்தில் தொட்டால் தோல் தடித்தது போலிருக்கிறது. வலப்பக்கமாகத் திரும்பி வகுப்பைப் பார்க்கும்போது வருகிறது, கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் கடந்த வாரம் ஒரு முறை வேறு விதமாக வந்தது. இடக்கை விரல்கள் எல்லாமே மதமதத்தன. சற்று நேரம் கழித்து இடப்பக்க உதடு. அன்று கழுத்தை அசைக்கவே இல்லை; அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டது. பின்னர் தலை கனத்தது.

கழுத்தைத் திருகியதைப் பற்றி. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சென்ற மாதம் மாமியார் ஊரில் சுளுக்கு வழிக்கும் பெரியவர் ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவி, முடிவில் தலையை இரு பக்கமும் வெட்டிச் சொடக்கு எடுத்தார். அதன் பிறகு இடப்பக்கப் பின்கழுத்தில் புதிதாக ஒரு வலி பல நாட்கள் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. பொத்தான், நடை, சிறுநீர் எதிலும் தொல்லை இல்லை. உச்சந்தலையில் கை வைத்தால் கை மதமதப்பு நன்றாகவே தணிகிறது.

நரம்பியல் மருத்துவர் (மதுரை)

அம்மா, இதைப் படித்தவுடன் எழுதுகிறேன். நீங்கள் அடுத்த விடுமுறை வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரப் பிரிவில் மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: சென்ற மாதம் கழுத்து வெட்டித் திருகப்பட்டது, அதன் பின் ஒருபக்கப் பின்கழுத்து வலி புதிதாக வந்தது, கடந்த வாரம் அதே பக்கத்துக் கையும் உதடும் சேர்ந்து மரத்து அரை மணி நேரத்துக்குள் சரியாகின.

காரணத்தை விளக்கிவிடுகிறேன். மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முள்ளெலும்புத் தமனிகள் இரண்டும் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளின் வழியாக, பெரும்பாலும் ஆறாவது எலும்பில் நுழைந்து மேலேறுகின்றன. தலை திரும்பும் அளவில் ஏறக்குறையப் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் மட்டுமே நிகழ்கிறது. சட்டென்று வெட்டித் திருப்பும்போது தமனி இழுபடுவதும் அங்கேதான். மிகச் சிலருக்கு அப்போது தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறையும் இரத்தத் துணுக்கு மூளைக்குச் செல்கிறது. கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் இடையே மணிகளோ, நாட்களோ, சில வாரங்களோ கூடச் செல்லலாம். பத்தாண்டுகளுக்கு முந்தைய விபத்து இன்று அப்படிச் செய்யாது. சென்ற மாதச் சொடக்கு செய்யலாம். உங்கள் நிகழ்வு மெல்லப் பரவியிருப்பதால் அது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். ஆயினும் நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு, முதல் முறையாக அது வரும்போது ஒற்றைத் தலைவலி என்று அனுமானித்து விட்டுவிடுவது சரியன்று. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதோடு கழுத்து இரத்தக் குழாய்களுக்கும் ஆஞ்சியோ எடுக்கும்படி கேளுங்கள். கழுத்து எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தால் இந்தக் கேள்விக்கு விடை வராது.

முடிவு தெரியும் வரை எவரும் உங்கள் கழுத்தை நீவவோ திருகவோ வேண்டாம். முடிதிருத்தகங்களில் தலை பிடித்துவிட்டு முடிவில் கழுத்தைச் சொடுக்குவதை இலவச இணைப்பாகக் கருதும் ஆண்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மை. ஆனால் அதனால் கிடைக்கும் பயன் அந்த அபாயத்துக்கு ஈடாகாது.

ஓய்வுபெற்ற செவிலியர் (திருச்சி)

தங்கை, மருத்துவர் சொன்னபடி கிளம்பிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். வெளிநோயாளர் பிரிவில் பல்லாண்டுகள் நின்றவள் என்ற முறையில் இரண்டொரு செய்திகள். அங்கே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. "பத்து வருஷத்துக்கு முன்னாடி ஆக்ஸிடென்ட் ஆச்சு" என்று தொடங்கினால் உரையாடல் அந்தப் பாதையிலேயே போய்விடும். புதிதாக வந்ததை முதலிலும் பழையதைக் கடைசியிலும் சொல்லுங்கள். ஒரு தாளில் முகம், கை ஆகியவற்றின் கோட்டுருவம் வரைந்து, மரத்துப்போகும் இடங்களை நிழலிட்டு எடுத்துச் செல்லுங்கள். கணித ஆசிரியைக்கு அது எளிது. தாடை மூலை ஒரு நிறம், உதடு வேறு நிறம், கை மூன்றாவது நிறம் என்றிருந்தால், மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவார்.

மற்றொன்று சத்து ஊசி. கை மரத்துப்போகிறது என்றதும் பி-காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மெட்ஃபார்மினை நீண்ட காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறையே நரம்பைப் பாதிக்கும். ஆனால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் ஊசி. ஊசி போட்ட பின் பரிசோதித்தால் அளவு உயர்ந்து காட்டும். குறை இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும். அந்தக் கலவை மாத்திரைகளில் உள்ள பி6 அதிக அளவில் நெடுநாள் உடலில் சேர்ந்தால் அதுவே மதமதப்பை உண்டாக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. நீங்கள் இன்னும் தொடங்காதது நல்லதாகப் போயிற்று.

கரும்பலகை (தஞ்சை மாவட்டம்)

உறவுகளுக்கு வணக்கம். தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். அன்று மாலையே மருத்துவமனைக்குச் சென்றோம். செவிலியர் அக்கா சொன்னபடி வரைந்து கொண்டுபோன தாளைப் பணியில் இருந்த இளம் மருத்துவர் வாங்கி, என் கோப்பிலேயே இணைத்துக்கொண்டார்.

மூளை எம்.ஆர்.ஐ.யில் புதிய அடைப்போ பழைய தழும்போ இல்லை. கழுத்துத் தமனிகள் இரண்டும் சீராக இருக்கின்றன, கிழிசல் இல்லை. உதட்டோடு சேர்ந்து வந்த அந்த நிகழ்வு ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், மீண்டும் வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே வர வேண்டும் என்றும் கூறினார்கள். இளம் வயதில் மாதவிலக்கை ஒட்டித் தலைவலி வருமா என்று கேட்டபோதுதான், கல்லூரிக் காலத்தில் இருட்டறையில் படுத்துக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கழுத்து எம்.ஆர்.ஐ.யில் ஐந்து–ஆறு எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க் இடப்பக்கமாகப் பிதுங்கி ஆறாவது வேரைத் தொடுகிறது, தண்டுவடம் அழுந்தவில்லை. தாடை மூலை மதமதப்புக்குக் கழுத்தின் பக்கவாட்டுத் தசையோரம் அந்த நரம்பு எரிச்சலுற்றிருக்கலாம், வலுவாக நீவியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இப்போது தானாகவே குறைந்து வருகிறது. பி12 அளவு குறைவாகத்தான் இருந்தது, ஊசி தொடங்கியிருக்கிறார்கள்.

ஆக, பத்தாண்டுக்கு முந்தைய அடியைப் பற்றிக் கேட்டதற்கு, டிஸ்க் தேய அதுவும் பங்களித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே பதிலாக இருந்தது. இரவில் உட்கொள்ள நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காலையில் தலை சுற்றுவது போல் இருக்கிறது. பள்ளிக்குச் செல்ல வேண்டியிருப்பதால் நிறுத்திவிடலாமா என்று நினைக்கிறேன். பழைய கழுத்துப் பட்டையை மீண்டும் அணியலாமா? அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்றும் வீட்டில் அஞ்சுகிறார்கள்.

நரம்பியல் மருத்துவர் (மதுரை)

மகிழ்ச்சி. மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம்; அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மயக்கம் இருப்பதைச் சொன்னால் அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ தருவார்கள். அதுவரை காலையில் வண்டி ஓட்ட வேண்டாம். கை வலு குறையாமலும் தண்டுவடம் அழுந்தாமலும் இருக்கும் வரை, இத்தகைய வேர் அழுத்தம் பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிகிறது. பிதுங்கிய டிஸ்க் தானாகச் சுருங்குவதும் உண்டு. பொருளைத் தூக்கும்போது முழங்கையை மடக்கும் வலு குறைந்தாலோ, நான் முன்பு கேட்ட பொத்தான், நடை, சிறுநீர் தொல்லைகள் தோன்றினாலோ மட்டும் அறுவை பற்றிய பேச்சு எழும். அப்போது காலம் தாழ்த்தக் கூடாது.

இயன்முறை மருத்துவர் (கோவை)

பட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். வலி கடுமையாக இருக்கும் தொடக்க நாட்களில் சிறிது காலம் அணியலாம். நாள் முழுவதும் வாரக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசைகள் வலுவிழந்து நிலைமை மோசமாகும். நீங்கள் இருக்கும் கட்டத்தில் அது தேவையில்லை. கரும்பலகையில் கண்மட்டத்துக்கு மேல் எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். மேற்பகுதியை உயரமான மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்தாமல் சாய்வுப் பலகையில் வைத்துத் திருத்துங்கள். தலையணை, மல்லாந்து படுத்தால் முகம் கூரையை நேராகப் பார்க்கும் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு தலையணை அடுக்குபவர்கள் ஒன்றைக் குறைத்துவிடலாம். பயிற்சி என்றால் தலையை வட்டமாகச் சுழற்றுவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். மல்லாந்து படுத்து, மோவாயை மெல்ல உள்ளே இழுத்துச் சில நொடிகள் நிறுத்தி விடுவதே தொடக்கப் பயிற்சி. கழுத்தின் ஆழத் தசைகளுக்கு அது வலு தரும். செய்யும்போது மதமதப்பு விரலிலிருந்து தோளை நோக்கிப் பின்வாங்கினால் தொடரலாம். விரலை நோக்கி இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு உங்கள் ஊரில் நேரில் பார்க்கும் இயன்முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.